ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, கொஞ்சம் புறா எச்சம், கால் மைல் நீள சைலோ

கொஞ்சம் நீளமான இழை இது. நேரம் இருக்கும்போது படிங்க. நடுவுல மருத்துவம் வரும், கான்கிரீட் வரும், புறா வரும். நான் செஞ்ச ஒரு தப்பும் வரும். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

நான் திருச்சியில் நெஞ்சக நோய் மருத்துவர். சில வருஷங்களுக்கு முன்னாடி, ஒரு ஜூலை மாதம், 24 வயசுப் பையனை அவன் அம்மா கூட்டிக்கிட்டு வந்தாங்க. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எழுதறதுக்கு அவன்கிட்ட அனுமதியும் வாங்கியாச்சு.) அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் எம்.எஸ். படிக்கிறான். லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல். வறட்டு இருமல். ராத்திரி வேர்த்துக் கொட்டுது. மூணு கிலோ எடை குறைஞ்சிருக்கு.

எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். இரண்டு நுரையீரலிலும் கேழ்வரகைத் தூவின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். நுரையீரலின் வேர்ப்பகுதியில் ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கு.

இதைப் படிக்கிற நீங்க மருத்துவ மாணவரா இருந்தா இந்நேரம் வாய்க்குள்ள ஒரு பேர் வந்திருக்கும். எனக்கும் அதேதான் வந்தது. டி.பி.

சளி வரவில்லை. உப்புநீர் ஆவி பிடிக்க வைத்து எடுத்த சளியில் சிபிநாட் நெகடிவ். மாண்டூ ஊசி போட்ட இடம் நல்லா தடிச்சிருந்தது. நம்ம ஊரில் வளர்ந்தவருக்கு அது ஒண்ணும் அதிசயம் இல்லை. மூச்சுக்குழாய் வழியா உள்ளே போய் நெறிக்கட்டியிலிருந்து ஊசியில் சதை எடுத்தோம். ரிப்போர்ட் வந்தது: கிரானுலோமா, டி.பி.க்குப் பொருந்துகிறது. அப்புறம் என்ன, நாலு மருந்தையும் ஆரம்பிச்சேன். அவங்க அம்மா "ஆறு மாசமா சார்?"னு கேட்டாங்க. "ஆமாம்மா, ஒரு நாள் கூட விடக்கூடாது"ன்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினேன்.

பதினெட்டாம் நாள் திரும்பி வந்தாங்க. வாந்தி. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது. கண் ரெண்டும் மஞ்சள். ஈரல் என்சைம்கள் இருக்கவேண்டிய அளவைப் போல ஒன்பது மடங்கு. டி.பி. மருந்துகளில் மூணு ஈரலைத் தாக்கக்கூடியவை. சிலருக்கு இப்படி ஆகும்னு எங்களுக்குத் தெரியும், அதுக்கான வழிமுறையும் உண்டு. எல்லாத்தையும் நிறுத்தி அட்மிட் பண்ணினேன். ஆனா ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்தது. பதினெட்டு நாள் மருந்து போயும் காய்ச்சல் சாயங்காலமானா எட்டிப் பார்த்துக்கிட்டுதான் இருந்தது. எக்ஸ்ரே அப்படியே இருந்தது.

ரவுண்ட்ஸ் முடிச்சுக் கிளம்பும்போது அம்மா ஆத்தாமையில் சொன்னாங்க: "படிக்கப் போனானா, பாழடைஞ்ச கட்டடமாப் பார்த்துச் சுத்தப் போனானான்னே தெரியல சார். போன் பூரா அதான் இருக்கு."

நான் நின்னுட்டேன்.

"தம்பி, போனைக் காட்டு."

காட்டினான். ஒரு ஆற்றங்கரை. அதை ஒட்டி சாம்பல் நிறத்தில் வரிசையா உருளைகள், ஒட்டி ஒட்டி, பத்து மாடி உயரத்துக்கும் மேல. கண்ணுக்கு எட்டின வரைக்கும் போகுது. அடுத்த படம் உள்ளே. இருட்டுக்கு நடுவுல தேஞ்ச இரும்புப் படிக்கட்டு. அடுத்தது மேல் தளம். உடைஞ்ச ஜன்னல்கள் வழியா சாயங்கால வெயில் சாய்ஞ்சு விழுது. அழகான படம்தான், பொய் சொல்ல மாட்டேன். நான் அழகைப் பார்க்கலை. தரையைப் பார்த்தேன். ஷூ புதையிற அளவுக்கு வெள்ளையும் பச்சையுமா ஒரு படிவம்.

"இது என்ன?"

"புறா எச்சம் சார். நிறைய இருக்கும். வௌவாலும் உண்டு."

"மாஸ்க் போட்டிருந்தியா?"

"இல்ல சார். டார்ச் பிடிக்க, கேமரா பிடிக்கவே கை பத்தல."

படத்தின் தேதியைப் பார்த்தேன். காய்ச்சல் ஆரம்பிச்சதுக்கு பதினோரு நாள் முன்னாடி.

முதல் நாள் நான் அவன்கிட்ட "வெளியூர் எங்கேயாவது போனியா?"ன்னு கேட்டிருந்தேன். கேஸ் ஷீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கு: அமெரிக்கா. அதோட பேனாவை மூடிட்டேன். அமெரிக்கான்னா சுத்தமான ஊர், அங்கேயிருந்து யாரும் நோய் கொண்டு வரமாட்டாங்க, இங்கே வந்துதான் பிடிச்சிருக்கும். இப்படி ஒரு நினைப்பு என் மண்டைக்குள்ள எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கு. அங்கே போய் என்ன பண்ணினேன்னு ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருந்தா அவன் ஈரல் தப்பிச்சிருக்கும்.

நோய்க்குறியியல் மருத்துவருக்கு போன் போட்டேன். அந்தப் பழைய பிளாக்கில் இருந்து இன்னொரு ஸ்லைடு வெட்டி வெள்ளிச் சாயம் போட முடியுமான்னு கேட்டேன். மறுநாள் சாயங்காலம் அவங்களே கூப்பிட்டாங்க. "சார், நீங்களே வந்து பார்த்துடுங்க." போனேன். கிரானுலோமாவுக்குள் கறுப்பா, சின்னச் சின்ன முட்டை வடிவங்கள். இரண்டிலிருந்து நாலு மைக்ரான். ஒரு சிவப்பணுவை விடச் சின்னது. ஹிஸ்டோபிளாஸ்மா.

இது ஒரு பூஞ்சை. மண்ணில் இருக்கும்போது நூல் நூலா வளரும். பறவை எச்சமும் வௌவால் எச்சமும் கலந்த மண்ணுன்னா இதுக்குக் கொண்டாட்டம். அந்த மண்ணைக் கிளறினா கண்ணுக்குத் தெரியாத விதைத்தூள் காற்றில் கிளம்பும். மூச்சில் உள்ளே போய் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் வடிவத்தையே மாற்றி ஈஸ்ட் ஆகிவிடும். 1905 கடைசியில் பனாமாவில் சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் இதை முதலில் பார்த்தார். காலா அசார் கிருமி மாதிரி ஏதோ ஒட்டுண்ணின்னு நினைச்சுப் பேரும் வெச்சார். பூஞ்சைன்னு பிற்பாடுதான் தெரிஞ்சது. ஆக, இதைத் தப்பா அடையாளம் கண்டவர்கள் வரிசையில் நான் முதல் ஆள் இல்லைன்னு ஒரு சின்ன ஆறுதல்.

அமெரிக்காவில் ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இது சர்வ சாதாரணம். நம்ம நாட்டிலும், குறிப்பா வங்காளப் பக்கம், உண்டு. பெரும்பாலானவர்களுக்கு வந்ததே தெரியாமல் போயிடும். ஒரே நேரத்தில் நிறைய தூள் உள்ளே போனவருக்குத்தான் இந்த மாதிரி ரெண்டு பக்க நுரையீரலும் நிறைய புள்ளி விழும். எக்ஸ்ரேயிலும் சரி, பயாப்ஸியிலும் சரி, டி.பி. வேஷம் அச்சு அசலாப் போடும்.

ஈரல் இறங்கும் வரை காத்திருந்து இட்ராகொனசோல் கொடுத்தோம். பன்னிரண்டு வாரம். நல்லா ஆயிட்டான். நேர்மையாச் சொல்லணும்னா, நான் எதுவுமே கொடுக்காம விட்டிருந்தாக்கூட அவனுக்குத் தானா சரியாகியிருக்கலாம். நல்லா இருந்த ஈரலை மஞ்சளாக்கினது நான் கொடுத்த மருந்துதான். அவன் அம்மாகிட்ட இதை உட்கார வெச்சு முழுசாச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "பரவால்ல சார், இப்பவாவது கேட்டீங்களே"ன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மருத்துவக் கதை இவ்வளவுதான். ஆனா அந்தப் படங்கள் என்னை விடலை.

அவன் வார்டில் இருந்த நாட்களில் தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுவேன். "அப்படி என்னடா இருக்கு அங்கே?" அவன் போன கட்டடத்தின் பேர் கான்கிரீட் சென்ட்ரல். 1915 முதல் 1917 வரை கட்டினது. ஆற்றங்கரையில் கால் மைல் நீளம். கொள்ளளவு 45 லட்சம் புஷெல். கோதுமைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறத்தாழ 1.2 லட்சம் டன். நம்ம 75 கிலோ மூட்டைக் கணக்கில் 16 லட்சம் மூட்டை! ஒரே கட்டடத்தில். 1966-இல் மூடினாங்க. அதுக்கப்புறம் புறாவும் சுவரில் எழுதறவங்களும் இவனை மாதிரி ஆட்களும்தான்.

பஃபலோவுக்கு ஏன் இத்தனை சைலோ? வரைபடத்தைப் பார்த்தா புரியும். ஈரி ஏரியின் கிழக்கு ஓரத்தில் இருக்கு ஊர். 1825-இல் ஈரி கால்வாய் திறந்தாச்சு. மேற்கே விளையிற கோதுமை கப்பலில் ஏரி வழியா இங்கே வரும். இங்கே இறக்கி, கால்வாய்ப் படகில் ஏற்றினா நியூயார்க். பெரிய கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாற்றும் இடம், அதனால் நடுவுல தேக்கி வைக்க இடம் வேணும். ஆரம்பத்தில் ஆட்கள் முதுகில் சுமந்துதான் இறக்கினாங்க. மழை பெஞ்சா வேலை நின்னுடும். 1842-இல் ஜோசப் டார்ட் என்ற வியாபாரி, ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரை வெச்சு, பக்கெட் கோர்த்த பெல்ட்டை நீராவி எஞ்சினில் ஓடவிட்டு, கப்பல் வயிற்றுக்குள்ளிருந்து தானியத்தை மேலே வாரி இறைக்கிற ஏற்பாட்டைச் செஞ்சார். மேலே ஏத்தறதால அதுக்குப் பேரே எலிவேட்டர். நம்ம லிஃப்ட் இல்லை, கட்டடத்துக்கே அதான் பேர்.

முதலில் எல்லாம் மரத்தில் கட்டினாங்க. தானியத் தூசு, மரம், நீராவி எஞ்சின். எரியாம இருக்குமா? அதனால் இரும்பு, ஓடு எல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் கான்கிரீட். 1899-இல் மினியாபொலிஸ் பக்கத்தில் பீவி என்ற தானிய வியாபாரியும் ஹாக்லின் என்ற ஒப்பந்தக்காரரும் சோதனைக்காக ஒரே ஒரு கான்கிரீட் உருளையை எழுப்பினாங்க. தானியத்தை இறக்கும்போது வெடிச்சுச் சிதறும்னு ஊரே சொன்னது. பீவியின் பைத்தியக்காரத்தனம்னு பட்டப்பேரும் வெச்சாச்சு. நிரப்பி, குளிர்காலம் முழுக்க வெச்சிருந்து, மறுவருஷம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி நிற்க, காலி பண்ணினாங்க. ஒண்ணும் ஆகலை. அந்த ஒற்றை உருளை இன்னும் நிக்குது.

அப்புறம் சென்டரிங் பலகையை ஜாக்கி போட்டு மெல்ல மெல்ல உயர்த்திக்கிட்டே, ராத்திரி பகலா நிறுத்தாமல் கான்கிரீட் ஊத்திக்கிட்டே போற முறை வந்தது. ஒட்டுப் போட்ட தடமே இல்லாம உருளை எழும்பும். அந்த வழவழப்புதான் படத்தில் அவ்வளவு எடுப்பாத் தெரியுது.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கட்டடங்களை ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் தலையில் தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க, நேரில் பார்க்காமலேயே. 1913-இல் வால்டர் க்ரோபியஸ் அமெரிக்க சைலோக்களின் படங்களைப் போட்டுக் கட்டுரை எழுதினார். பத்து வருஷம் கழிச்சு லெ கொர்பூசியே, நம்ம சண்டிகர் வடிவமைச்ச அதே ஆள், தன் புத்தகத்தில் அந்தப் படங்களில் சிலதைப் போட்டார். ஒரு படத்தில் கூரை மேல இருந்த முக்கோண அலங்காரம் அவர் சொல்ல வந்ததுக்கு இடைஞ்சலா இருந்ததாம், அதை அழிச்சுட்டுப் போட்டார். இன்ஸ்டா ஃபில்டர் எல்லாம் ரொம்பப் பழைய சமாச்சாரம்!

1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் கப்பல்கள் பஃபலோவில் நிக்காமலேயே நேரா கடலுக்குப் போக ஆரம்பிச்சன. ஊர் படுத்துடுச்சு. வேலை போச்சு. சைலோக்கள் மட்டும் போகலை. இடிக்கிறதுக்கு ஆகிற செலவுக்கு யாரும் தயாரா இல்லை.

இப்போ, பையன் சொன்னதுக்கு வரேன். "அங்கே என்னடா இருக்கு?"ன்னதுக்கு அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். "சார், அங்க யாரும் நம்மகிட்ட எதுவும் எதிர்பார்க்கலை"ன்னான். அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோட, "உள்ளே நின்னு ஒரு சத்தம் கொடுத்தா, அது மேலே போய் சுத்திட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வரும். நான் அம்மாவோட பேரைக் கத்துவேன் சார்."

கல்விக் கடன், விசா, வேலை கிடைக்குமா என்ற பயம், ஒரு அறையில் நாலு பேர். இதையெல்லாம் அவன் சொல்லலை. கேஸ் ஷீட்டில் எழுதறதுக்கும் இடம் இல்லை.

எனக்கு இது புதுசும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்க அப்பாயி வீட்டில் ஆளுயரத்துக்கு மேல குதிர் ஒண்ணு இருந்தது. அறுவடைக்கு முன்னாடி காலியாக் கிடக்கும். கண்ணாமூச்சி ஆடும்போது ஒரு தடவை அதுக்குள்ள இறங்கிட்டேன். இருட்டு, பழைய நெல் வாசனை, மேலே வட்டமா ஒரு வெளிச்சம். என் மூச்சுச் சத்தம் எனக்கே பெருசாக் கேட்டுது. வெளியே வர மனசே இல்லை. அப்பாயி கண்டுபிடிச்சு, ரெண்டு கையையும் பிடிச்சு வெளியே இழுத்து, முதுகில் நாலு சாத்து சாத்துச்சு. "மூச்சு முட்டிச் செத்துருப்படா"ன்னு அழுதுக்கிட்டே அடிச்சது. ஏன் அழுதுச்சுன்னு அப்போ புரியலை. மூடின இடத்தில் ஈரத் தானியம் கிடந்தா அது ஆக்சிஜனைத் தின்னுட்டு கார்பன் டை ஆக்சைடைக் கக்கும்னு நான் புத்தகத்தில் படிக்க இன்னும் பதினஞ்சு வருஷம் இருந்தது.

இதில் உங்களுக்குத் தெரிய வேண்டிய மருத்துவம் கொஞ்சம் இருக்கு. பொறுமையா இருங்க.

தானியம் இருக்கிற சைலோவும் தானியம் இல்லாத சைலோவும் வேற வேற விதமாக் கொல்லும்.

தானியம் இருக்கிற சைலோவில் அடியில் திறந்துவிட்டு தானியம் ஓடிக்கிட்டு இருக்கும்போது மேலே ஒருத்தர் நின்னா, நாலஞ்சு விநாடியில் முழங்கால் புதைஞ்சிடும். அதுக்கப்புறம் தானா வெளியே வர முடியாது. அரை நிமிஷத்துக்குள் தலையும் போயிடும். தண்ணி மாதிரி நீந்த முடியாது, மணல் மாதிரி மேலே நிக்கவும் முடியாது. நெஞ்சு வரைக்கும் புதைஞ்சவர் ஒவ்வொரு தடவை மூச்சை வெளியே விடும்போதும் அந்த இடைவெளியில் தானியம் வந்து உட்கார்ந்துக்கும். அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரியாது. கயிறு கட்டி இழுத்தா தோள்மூட்டு பிசகும், ஆள் வரமாட்டார். சுத்தித் தடுப்புப் பலகை இறக்கி, உள்ளே இருக்கிற தானியத்தை வெளியே வாரித்தான் எடுக்கணும்.

மாட்டுத் தீவனத்துக்குப் பச்சைப் பயிரை வெட்டிப் புளிக்க வைக்கிற சைலோ வேற ரகம். நிரப்பின முதல் சில நாட்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவர் அன்னிக்குக் கொஞ்சம் இருமிட்டு வீட்டுக்குப் போயிடுவார், ரெண்டு மூணு வாரம் கழிச்சு மூச்சுத்திணறி வருவார். 1956-இல்தான் இதுக்கு சைலோ நிரப்புவோர் நோய்னு மருத்துவ இதழில் பேர் வெச்சாங்க. அங்கேயும் மருத்துவர் பழைய கதையைக் கேட்டாத்தான் உண்டு.

காலி சைலோவில் கொல்றது பெரும்பாலும் ஓட்டை. மேல் தளத்தில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு வாய் உண்டு. மூடி துருப்பிடிச்சுப் போயிருக்கும், அல்லது இரும்பு விலைக்கு யாராவது கழட்டிட்டுப் போயிருப்பாங்க. வாய் மேல ஒரு நைந்த பலகை, அது மேல எச்சம். பார்த்தா தரை மாதிரியே இருக்கும். கீழே பத்து மாடி ஆழம். கேமராவில் கண்ணை வெச்சுக்கிட்டு ஒரு அடி பின்னாடி வெச்சா முடிஞ்சது. 2006-இல் மினியாபொலிஸில் கைவிடப்பட்ட ஒரு எலிவேட்டருக்குள் நண்பர்களோட போன ஒரு கல்லூரி மாணவி இப்படி விழுந்து இறந்தார்.

இன்னொரு கணக்கும் சொல்லணும். மூடின இடங்களில் நடக்கிற சாவுகளைப் பற்றி அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் சொன்னது: செத்தவர்களில் பாதிக்கு மேல் காப்பாத்தப் போனவங்க. முதல் ஆள் மயங்கி விழறார். பார்த்துக்கிட்டு இருந்த நண்பன் இறங்கறார். அப்புறம் அண்ணன் இறங்கறார். நம்ம ஊரில் செப்டிக் டேங்க் செய்தி படிக்கும்போதெல்லாம் இதேதானே பார்க்கறீங்க. அவன்கிட்ட இதைச் சொன்னப்போ முகம் மாறினது. அன்னிக்கு அவன்கூட ரெண்டு பேர் போயிருந்தாங்களாம்.

"அவங்களுக்கு இருமல் இருக்கா?" அப்பதான் எனக்கே தோணுச்சு. உடனே மெசேஜ் போடச் சொன்னேன். ஒருத்தனுக்கு ஒண்ணும் இல்லை. இன்னொருத்தன் பத்து நாள் ஃப்ளூன்னு படுத்திருந்து தானாவே எழுந்துட்டான். அவனும் எந்த டாக்டர்கிட்டயும் சைலோவைப் பத்திச் சொல்லலை. அத்துமீறி நுழைஞ்சது வெளியே தெரிஞ்சா விசாவுக்கு ஆபத்துன்னு பயம். பயம் நியாயமானதுதான். ஆனா டாக்டர்கிட்ட சொல்றது போலீஸ்கிட்ட சொல்றது ஆகாது. இதை யாருக்காவது சொல்லி வைங்க.

இந்த மாதிரி இடங்களில் ஏறி இறங்கிறதை ஒரு கலையாவே ஆக்கினவர் டொரண்டோவைச் சேர்ந்த ஜெஃப் சாப்மன். நிஞ்சலீஷியஸ் என்ற புனைபெயரில் 1996-லிருந்து ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினார். மருத்துவமனையில் நோயாளியாப் படுத்திருந்தப்போ, படுக்கப் பிடிக்காம அந்தக் கட்டடத்தின் மூலை முடுக்கெல்லாம் சுத்தினவர். 2005-இல், முப்பத்தியோரு வயசில், புற்றுநோயில் போயிட்டார். அவர் எழுதினதைப் படிச்சதிலிருந்து, ராத்திரி டியூட்டியில் சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கிட்டு வராண்டாவில் நடக்கிற பசங்களை நான் விரட்டறது இல்லை. நர்ஸ் அக்காக்களுக்கு என் மேல கோபம்.

ரெண்டு வருஷம் கழிச்சு நானே பஃபலோ போனேன். தங்கச்சி ராச்செஸ்டரில் இருக்கா, அங்கேயிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ஆற்றங்கரையில் சைலோ சிட்டின்னு ஒரு இடம், பழைய எலிவேட்டர்கள் சிலது கூட்டமா நிக்குது. முறைப்படி டிக்கெட் வாங்கி, வழிகாட்டியோட ஏறலாம். நான் என்95 மாஸ்க்கோட போய் நின்னேன். கூட்டத்தில் நான் ஒருத்தன்தான். தங்கச்சி தள்ளி நின்னுக்கிட்டா.

காரை விட்டு இறங்கினதும் முதலில் பட்டது வாசனை. வறுத்த ஓட்ஸ் வாசனை. பக்கத்திலேயே இன்னும் ஓடிக்கிட்டு இருக்கிற தொழிற்சாலையில் சீரியோஸ் தயாரிக்கிறாங்க, ஊருக்கே அந்த வாசனை. செத்துப்போன சைலோக்களுக்கு நடுவுல நின்னா, சாயங்காலம் பொரிகடலைக் கடை வாசலில் நிக்கிற மாதிரி இருக்கு.

உள்ளே நின்னேன். வழிகாட்டி ஒரு தடவை கை தட்டினார். அந்தச் சத்தம் போய்க்கிட்டே இருந்தது. நான் எண்ண ஆரம்பிச்சு, எங்கே முடிஞ்சதுன்னு தெரியாம விட்டுட்டேன். இங்கே கவிதை வாசிப்பு எல்லாம் நடத்தறாங்களாம். வெளியே தேனீக்களுக்குன்னு ஒரு கோபுரம் இருக்கு. பழைய ஆபீஸ் ஜன்னலில் கூடு கட்டியிருந்த தேனீக்களை அதில் குடியேத்த, 2012-இல் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டினது.

அழகு, சத்தம், தேனீ எல்லாம் சரி. எனக்கு அங்கே தேடினது ஒண்ணு கிடைக்கலை. கப்பலுக்குள்ள இறங்கி, பெல்ட் எட்டாத மூலையில் இருக்கிற தானியத்தை மண்வெட்டியால் தள்ளிவிடற ஆட்கள் இருந்தாங்க. ஸ்கூப்பர்கள்னு பேர். பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். அவங்க கூலியை சாராயக்கடையில் வெச்சுத்தான் கொடுப்பாங்க, கடைக்காரரே மேஸ்திரி. குடிக்காதவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. 1899-இல் பெரிய வேலைநிறுத்தம் செஞ்சு அதை உடைச்சாங்க. அந்தக் கப்பல் வயித்துக்குள்ள இருந்த தூசு முழுக்க அவங்க நுரையீரலுக்குள் போனது. தானியம் சலிக்கிறவங்களுக்கு மூச்சிரைப்பு வரும்னு இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-லேயே எழுதிட்டார். நம்ம நெல் அரவை மில் தொழிலாளிகளை என் ஓ.பி.யில் வாரத்துக்கு ரெண்டு பேராவது பார்க்கிறேன். பாழடைஞ்ச சைலோவின் படம் ஆயிரக்கணக்கில் இருக்கு. ஸ்கூப்பரின் நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணுகூட நான் பார்த்ததில்லை.

கட்டடங்களும் நிரந்தரம் இல்லை. 1897-இல் கட்டின கிரேட் நார்தர்ன் எலிவேட்டர், செங்கல் சட்டைக்குள்ள இரும்புத் தொட்டிகள் வெச்சது. நயாகரா மின்சாரத்தில் ஓடினது. 2021 டிசம்பர் புயலில் அதன் ஒரு பக்கச் சுவர் சரிஞ்சு விழுந்தது. காப்பாத்தணும்னு வழக்கெல்லாம் போட்டுப் பார்த்தாங்க. கடைசியில் இடிச்சுட்டாங்க.

படியேறி உச்சிக்குப் போனோம். முட்டி ரெண்டும் கெஞ்சுச்சு. மேல் தளத்தில் அந்த வாய்கள் வரிசையா இருந்தன, மேலே கம்பி வலை போட்டு. ஒண்ணுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். வெளிச்சம் அடி வரைக்கும் போய்ச் சேரலை. வயித்தைக் கலக்குச்சு. அப்படியே பின்னாடி வந்து ஜன்னல் பக்கம் நின்னேன். ஆறு வளைஞ்சு போற இடத்தில், தூரத்தில், நீளமா சாம்பல் நிறத்தில் ஒண்ணு தெரிஞ்சது. வழிகாட்டி சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

போனில் பெரிசாக்கி ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். இப்போ வேற ஊரில் வேலையில் இருக்கான். ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

"சார்!!! நீங்க அங்கேயா? மாஸ்க் போட்டீங்களா?"

"போட்டிருக்கேன்டா."

"சார், வலது பக்கம் ஓரமா ஒரு கோபுரம் தெரியுதா? அதுக்குக் கீழதான் நான் கத்துவேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு மெசேஜ்.

"அம்மாவுக்கு இந்தப் படத்தை அனுப்பிடாதீங்க சார்."

அனுப்பலை.